எலி கைவிட்டது, கோழி காப்பாத்துச்சு: கொலஸ்ட்ரால் மாத்திரையின் கதை

1/
"ஏனுங்க டாக்டர், கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்புட்டா லிவர் கெட்டுப்போயிருமாமா?"
"அதான் ஸ்டென்ட் வெச்சாச்சுங்களே, இனி எதுக்குங்க மாத்திரை?"
"யூடியூப்ல ஒருத்தர் சொன்னாருங்க. நிறுத்திப்போட்டனுங்க."

பரமத்தி வேலூர் பக்கம் அரசு ஆஸ்பத்திரி ஓபியில் உட்கார்ந்தா இந்த மூணும் காதுல விழாத வாரமே கிடையாது. (வெத்தலையும் வாழையும் விளையற காவிரிக்கரை வேலூர்ங்க. கோட்டை இருக்கற வேலூர் இல்ல.)

இப்படிக் கேட்கிறவங்களை முட்டாள்னு நினைக்காதீங்க. இந்த பயத்துக்கு 60 வருஷ வரலாறு இருக்கு. முதல்ல பயந்தவங்களே டாக்டர்கள்தான். அந்தக் கதையைச் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல கொலஸ்ட்ரால் மேல பழி எப்படி வந்தது?

1913ல் ரஷ்யாவில் நிகோலாய் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர் முயல்களுக்கு கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைச்சு கொடுத்துப் பார்த்தார். ரத்தக்குழாய் சுவர்ல கொழுப்பு படிஞ்சது. ஆனா முயல் புல் தின்னும் பிராணி, அதை வெச்சு மனுஷனுக்கு முடிவு சொல்ல முடியுமான்னு உலகம் பெருசா கண்டுக்கல.

1948ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரை வருஷக்கணக்கா பின்தொடர ஆரம்பிச்சாங்க. யாருக்கு மாரடைப்பு வருது, யாருக்கு வரல? புகை, பிபி, கொலஸ்ட்ரால் மூணும் திரும்பத் திரும்ப குற்றவாளிக் கூண்டுல வந்து நின்னுச்சு.

சரி, குற்றவாளி தெரிஞ்சாச்சு. குறைக்க மருந்து?

3/
இங்கேதான் பயத்தின் முதல் அத்தியாயம்.

1960ல் அமெரிக்காவில் ட்ரைபரனால் என்ற மாத்திரை வந்தது. கொலஸ்ட்ரால் தயாரிப்பின் கடைசிப் படியை மட்டும் அடைக்கும். கொலஸ்ட்ரால் குறைஞ்சது உண்மை. ஆனா அதுக்கு முந்தின படியில் இருக்கும் பொருள் உடம்புல தேங்கிப்போச்சு. சாப்பிட்டவங்களுக்கு முடி கொட்டுச்சு, தோல் வறண்டுச்சு, கண்ணுல புரை விழுந்துச்சு.

1962ல் மருந்தை வாபஸ் வாங்கினாங்க. விலங்குச் சோதனையில் தெரிஞ்ச கெட்ட முடிவுகளை கம்பெனி மாத்தி எழுதிக் கொடுத்ததும் அம்பலமாச்சு. தாலிடோமைடை அமெரிக்காவுக்குள்ள கொண்டுவர முயற்சி செஞ்சதும் இதே மெரல் கம்பெனிதான்.

அப்போ டாக்டர்கள் மனசுல பதிஞ்ச பாடம் ஒண்ணு: "கொலஸ்ட்ரால் உற்பத்தியில் கைவெச்சா கண்ணு போயிடும்."

4/
இரண்டாவது அத்தியாயம், க்ளோஃபிப்ரேட்.

எடின்பரோ, புடாபெஸ்ட், ப்ராக் மூணு நகரத்திலும் உலக சுகாதார நிறுவனம் பெரிய ஆய்வு நடத்துச்சு. 1978ல் முடிவு வந்தது. உயிருக்கு ஆபத்தில்லாத மாரடைப்புகள் குறைஞ்சிருந்தது. ஆனா மொத்த மரணக் கணக்கை எடுத்தா, மாத்திரை சாப்பிட்டவங்க பக்கம்தான் அதிகம்.

இது சாதாரண அடி இல்ல. ஒரு மருந்து ரத்த ரிப்போர்ட்டை அழகாக்கும், ஆனா ஆளைக் காப்பாத்தாதுன்னா அந்த ரிப்போர்ட்டை வெச்சு என்ன பண்றது? "கொலஸ்ட்ரால் குறைக்கறதே தப்பு" என்று பல பேராசிரியர்களே அப்போ வாதாடினாங்க. இன்னைக்கு வாட்ஸ்அப்ல சுத்துற வாதத்தோட பூர்வீகம் இதுதான்.

5/
இதே காலத்துல ஜப்பானில் ஒருத்தர் பூஞ்சை வளர்த்துட்டு இருந்தார்.

பெயர் அகிரா எண்டோ. 1933ல் வட ஜப்பானில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெனிசிலினைக் கண்டுபிடிச்ச ஃப்ளெமிங் அவருக்கு ஹீரோ. சாங்க்யோ என்ற மருந்து கம்பெனியில் வேலை.

அவர் யோசனை இப்படி ஓடுச்சு. பூஞ்சை தன் எதிரிக் கிருமிகளைக் கொல்ல ஏதேதோ ரசாயனம் தயாரிக்குது. சில கிருமிகளுக்கு உயிர்வாழ கொலஸ்ட்ரால் வகைப் பொருள் தேவை. அப்போ அந்த உற்பத்தியைத் தடுக்கற ரசாயனமும் ஏதோ ஒரு பூஞ்சைகிட்ட இருக்கணுமே?

1971ல் தேட ஆரம்பிச்சார். ஒண்ணு ரெண்டு இல்லீங்க, சுமார் 6,000 பூஞ்சைகள். 1973ல் கிடைச்சது. கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த பெனிசிலியம் சிட்ரினம் என்ற நீலப்பச்சைப் பூஞ்சை. அதில் இருந்து எடுத்த பொருளின் பெயர் காம்பாக்டின். உலகின் முதல் ஸ்டாட்டின்.

6/
இது ட்ரைபரனாலில் இருந்து எப்படி மாறுபடுது?

நம்ம உடம்பு கொலஸ்ட்ராலை சுமார் 30 படிகளில் தயாரிக்குது, முக்கியமா கல்லீரலில். வேகத்தைத் தீர்மானிப்பது ஆரம்பத்துல வர்ற ஒரு படி. அந்த என்சைமோட பெயர் ஹெச்எம்ஜி கோஏ ரிடக்டேஸ். ட்ரைபரனால் கடைமடையில் அடைச்சது, தண்ணி பாதி வழியில் தேங்கிப்போச்சு. ஸ்டாட்டின் தலைமதகிலேயே கொஞ்சம் இறக்கி வைக்குது. தேங்கறதுக்கு எதுவும் இல்ல. வாய்க்கால் பாசனம் தெரிஞ்ச ஊருக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம்.

7/
எண்டோ காம்பாக்டினை எலிக்குக் கொடுத்தார். கொலஸ்ட்ரால் இறங்கவே இல்ல.

கம்பெனியில் உற்சாகம் போச்சு. எலியிலேயே வேலை செய்யாத மருந்துக்கு யார் காசு போடுவாங்க? திட்டத்தை மூடற நிலைமை.

1976 தொடக்கத்தில், ஆய்வகத்துக்குப் பக்கத்துல இருந்த மதுக்கடையில் கிட்டானோ என்ற சக விஞ்ஞானியைச் சந்திச்சார் எண்டோ. கிட்டானோ தன் ஆராய்ச்சிக்காக முட்டைக்கோழி வளர்த்துட்டு இருந்தவர். எண்டோவுக்குப் பொறி தட்டியது. முட்டையில் அவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்குன்னா, முட்டையிடும் கோழியோட ரத்தத்திலும் நிறைய இருக்கணுமே? "ஆராய்ச்சி முடிஞ்சதும் அந்தக் கோழிகளை எனக்குக் கொடுங்க"ன்னு கேட்டு வாங்கினார்.

ஒரு மாசம் தீவனத்துல மருந்து கலந்து போட்டார். கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சது.

8/
நாமக்கல் மாவட்டத்துக்காரங்களே, கவனிச்சீங்களா? உலகம் முழுக்க கோடிக்கணக்கானவங்க விழுங்கற இந்த மாத்திரையை குப்பைக்கூடையில் இருந்து எடுத்துக் கொடுத்தது லேயர் கோழி!

எலி ஏன் ஏமாத்துச்சு? எலி ரத்தத்துல நாம 'கெட்ட கொலஸ்ட்ரால்'னு சொல்ற எல்டிஎல் ரொம்பக் குறைவு. இல்லாத ஒண்ணை எப்படிக் குறைக்கறது? அதோட எலியின் கல்லீரல் மருந்துக்கு ஈடுகட்ட அந்த என்சைமை கூடுதலா தயாரிச்சிக்கும். கோழியைத் தொடர்ந்து நாய், குரங்கு எல்லாத்திலும் மருந்து வேலை செஞ்சது.

9/
1978ல் ஒசாகாவில் அகிரா யமமோட்டோ என்ற மருத்துவர், பரம்பரையா கொலஸ்ட்ரால் மிகக் கடுமையா ஏறும் நோய் உள்ள 18 வயதுப் பெண்ணுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார். கொலஸ்ட்ரால் குறைஞ்சது. கூடவே தசை பலவீனமும் வந்தது.

இதை அடிக்கோடு போட்டு வெச்சுக்கோங்க. ஸ்டாட்டினால் தசைக்குப் பிரச்சனை வரலாம் என்பதை யாரும் மூடி மறைக்கல. முதல் நோயாளியிலேயே பார்த்து எழுதி வெச்சாங்க. நிறுத்தினதும் சரியாச்சு. அளவைக் குறைச்சு மறுபடி கொடுத்தார். அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பலன் கிடைச்சது.

ஆனா 1980ல் நாய்களுக்கு ரொம்ப அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்தப்போ குடலில் கட்டி மாதிரி வருதுன்னு சந்தேகம் எழுந்து, சாங்க்யோ காம்பாக்டினை நிறுத்திடுச்சு. முதல் ஸ்டாட்டின் மருந்துக்கடைக்கு வரவே இல்ல.

10/
அதே நேரம் அமெரிக்காவில் மெர்க் கம்பெனி இன்னொரு பூஞ்சையில் இருந்து லோவாஸ்டாட்டினைக் கண்டுபிடிச்சிருந்தது. ஜப்பான் செய்தி கேட்டு அவங்களும் பயந்து சோதனையை நிறுத்தினாங்க.

அதைத் திரும்ப ஓட வெச்சவங்களில் முக்கியமானவங்க டெக்சாஸைச் சேர்ந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள். ரத்தத்துல சுத்துற எல்டிஎல்லை உள்ளே இழுத்துக்க செல்களின் மேல 'கதவு' மாதிரி ரிசப்டர் இருக்குன்னு கண்டுபிடிச்சவங்க இவங்கதான். ஸ்டாட்டின் கொடுத்தா கல்லீரலுக்குள்ள கொலஸ்ட்ரால் பற்றாக்குறை வரும். உடனே கல்லீரல் கூடுதல் கதவுகளைத் திறந்து ரத்தத்துல இருக்கறதை இழுத்துக்கும். உண்மையான வேலை அதுதான். 1985ல் இருவருக்கும் நோபல் பரிசு.

மறுபடி சோதனை, மறுபடி பாதுகாப்பு ஆய்வு. 1987 செப்டம்பரில் லோவாஸ்டாட்டினுக்கு அமெரிக்க அனுமதி கிடைச்சது. எண்டோவுக்கு நோபல் கிடைக்கவே இல்ல. 2008ல் லாஸ்கர் விருது கிடைச்சது. 2024 ஜூனில் 90 வயதில் காலமானார்.

11/
அனுமதி வந்தும் டாக்டர்களின் பயம் போகல. க்ளோஃபிப்ரேட் கதை ஞாபகம் இருக்கே. "ரிப்போர்ட் குறையுது சரி, உயிர் பிழைக்குதா?"

அந்தக் கேள்விக்கு 1994 நவம்பரில் பதில் வந்தது. 4எஸ் என்ற ஸ்காண்டிநேவிய ஆய்வு. ஏற்கனவே நெஞ்சுவலியோ மாரடைப்போ வந்த 4,444 பேர். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஐந்தரை வருஷம் கிட்ட ஓடுச்சு.

வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களில் இறந்தவங்க 256.
சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவங்களில் 182.

74 உயிர் வித்தியாசம். புற்றுநோய் மாதிரி வேற காரணத்தால் வரும் சாவும் கூடல. ரிப்போர்ட்டுக்கு மட்டுமில்ல, ஆளுக்கும் நல்லதுன்னு முதல்முறையா நிரூபணம் ஆச்சு. அன்னைக்கு பல சந்தேகவாதிகள் கட்சி மாறினாங்க.

12/
"எனக்கு கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட்ல இருக்குதுங்க, அப்புறம் எதுக்கு மாத்திரை?" இதுக்கும் ஒரு ஆய்வு பதில் சொல்லிச்சு.

2002ல் பிரிட்டனில் 20,536 பேரை வெச்சு வந்த ஹார்ட் ப்ரொடெக்ஷன் ஸ்டடி. இதய நோய், பக்கவாதம், சர்க்கரை மாதிரி ஆபத்து இருக்கறவங்களுக்கு ஆரம்ப கொலஸ்ட்ரால் அளவு கம்மியா இருந்தாலும் ஸ்டாட்டின் பலன் கொடுத்துச்சு.

லேப் ரிப்போர்ட்ல போட்டிருக்கும் 'நார்மல்' ஊருக்கெல்லாம் பொதுவான அளவு. மாரடைப்பு வந்தவருக்கு, ஸ்டென்ட் வெச்சவருக்கு இலக்கே வேற. ஸ்டென்ட் அடைச்ச ஒரு இடத்தைத்தான் திறக்குது. மீதி குழாய் முழுக்க படிவு அப்படியேதான் இருக்கு.

13/
பயத்தின் மூன்றாவது அத்தியாயம் 2001.

பேயர் கம்பெனியின் செரிவாஸ்டாட்டின். இதுவும் ஸ்டாட்டின்தான். ஆனா இதைச் சாப்பிட்டவங்களில் சிலருக்கு தசை நார்கள் சிதைஞ்சு, அந்தக் கழிவு போய் கிட்னியை அடைச்சது. ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையோட சேர்த்து சாப்பிட்டவங்களுக்கும், அதிக டோஸ் எடுத்தவங்களுக்கும் ஆபத்து இன்னும் கூட. வாபஸ் வாங்கினப்போ உலகம் முழுக்க 52 மரணங்கள் பதிவாகியிருந்தது.

ஆக, "ஸ்டாட்டின் ஆளைக் கொல்லும்" என்பது முழுப் பொய் இல்ல. ஒரு ஸ்டாட்டின் கொன்னுச்சு. அது சந்தைக்கு வந்த 4 வருஷத்துல பிடிபட்டு வெளியே போச்சு. இப்போ நாம கொடுக்கும் அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் அதுக்கப்புறம் 20 வருஷத்துக்கு மேல லட்சக்கணக்கான பேரிடம் கண்காணிக்கப்பட்டவை. அந்த மாதிரி தசைச் சிதைவு இவற்றில் வருஷத்துக்கு 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு.

14/
சரி, சாதாரண கை கால் வலி?

2022ல் எல்லாப் பெரிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தாங்க. ஸ்டாட்டின் சாப்பிட்டவங்களில் 27% பேர் தசைவலி சொன்னாங்க. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களில்? 26.6%! முதல் வருஷத்துல 1,000 பேருக்கு சுமார் 11 பேருக்கு உண்மையிலேயே மருந்தால் வலி வருது. மீதி வலி வயசு, வேலை, விட்டமின் டி, தைராய்டு கணக்கு.

லண்டனில் 2020ல் ஒரு சுவாரஸ்யமான ஆய்வு. பக்கவிளைவுன்னு ஸ்டாட்டினை நிறுத்தின 60 பேர். 4 மாசம் ஸ்டாட்டின், 4 மாசம் வெறும் மாத்திரை, 4 மாசம் காலி டப்பா, மாத்தி மாத்தி. வலிக்கு மதிப்பெண்: காலி டப்பா மாசத்தில் 8, வெறும் மாத்திரை மாசத்தில் 15.4, ஸ்டாட்டின் மாசத்தில் 16.3.

வலி பொய் இல்ல, உண்மையாவே வலிச்சது. ஆனா அதுல 90% "மாத்திரை சாப்பிடறேன்" என்ற நினைப்பில் இருந்து வந்தது. இதைக் காட்டினதும் பாதிப் பேர் திரும்ப மாத்திரை ஆரம்பிச்சாங்க.

15/
சர்க்கரை வருமா? கொஞ்சம் வரும். மறைக்கல. 2010ல் 91,000 பேர் தரவை வெச்சு சொன்ன கணக்கு: 255 பேர் 4 வருஷம் சாப்பிட்டா கூடுதலா ஒருத்தருக்கு சர்க்கரை நோய். அதுவும் பெரும்பாலும் ஏற்கனவே எல்லைக்கோட்டில் நிக்கறவங்களுக்கு.

லிவர்? என்சைம் லேசா ஏறலாம், பெரும்பாலும் தானா இறங்கும். லிவர் நிஜமாவே கெடறது மிக அரிது. அதனாலதான் "அடிக்கடி லிவர் டெஸ்ட் எடுக்கணும்" என்ற விதியை அமெரிக்க எஃப்டிஏ 2012ல் எடுத்துடுச்சு. ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, அப்புறம் தேவைப்பட்டா போதும்.

16/
யூடியூப் வீடியோ பார்த்து நிறுத்தினா என்ன ஆகும்? இதுக்கும் வரலாறு இருக்கு.

2013ல் ஆஸ்திரேலிய அரசுத் தொலைக்காட்சியில் ஸ்டாட்டினுக்கு எதிரா ரெண்டு வாரம் நிகழ்ச்சி ஓடுச்சு. அதுக்கப்புறம் சுமார் 60,000 பேர் இந்த மாத்திரை வாங்கறது குறைஞ்சதா மருந்துக் கணக்கு சொல்லுது. அந்த நிகழ்ச்சியை பிறகு டிவி நிர்வாகமே இணையத்தில் இருந்து எடுத்துடுச்சு. டென்மார்க்கில் லட்சக்கணக்கான பேர் தரவைப் பார்த்தப்போ, ஆரம்பத்துலயே ஸ்டாட்டினை நிறுத்தினவங்களுக்கு மாரடைப்பு 26% கூடுதலா இருந்தது.

வீடியோ போட்டவர் அடுத்த வீடியோவுக்குப் போயிருவார். நெஞ்சைப் பிடிச்சுட்டு வர்றது நீங்கதான்.

17/
"இங்கிலீஷ் மருந்து எதுக்கு, நம்ம வைத்தியத்துல இல்லையா?" நியாயமான கேள்வி. நம்ம நாடு அதையும் சோதிச்சுப் பார்த்திருக்கு.

1966ல் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்யவதி என்ற பெண் ஆராய்ச்சியாளர், சுஸ்ருத சம்ஹிதையில் கொழுப்பு நோய்க்குச் சொன்ன குக்குலுவை முயல்களிடம் சோதிச்சார். நம்பிக்கை தரும் முடிவு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதை மருந்தாக்கியது, 1980களின் பின்பகுதியில் கடைக்கும் வந்தது. சத்யவதி பின்னாளில் ஐசிஎம்ஆர் தலைமை இயக்குநராகவே உயர்ந்தார்.

2003ல் அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரம் முறையா சோதிச்சாங்க. எல்டிஎல் குறையல, லேசா ஏறிச்சு. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. அவங்க செஞ்ச ஆராய்ச்சி மேல எனக்கு மரியாதை உண்டு. சோதனை யாருக்கும் பாரபட்சம் பார்க்காது. ட்ரைபரனாலுக்கு வெச்ச அதே தராசுதான் குக்குலுவுக்கும்.

18/
இனி நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தது?

1990களின் இறுதியில் அடோர்வாஸ்டாட்டின் உலகத்திலேயே அதிகம் விற்கும் மருந்தாகும் பாதையில் இருந்தது. ஒரே வருஷத்துல 1,200 கோடி டாலருக்கு மேல வித்த மருந்து. அமெரிக்காவில் காப்புரிமை விலகி மலிவு மாத்திரை வர 2011 நவம்பர் வரை காத்திருந்தாங்க.

நாம காத்திருக்கல. காரணம், 1970 காப்புரிமைச் சட்டம். மருந்துப் பொருளுக்கு காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான்னு அது சொல்லிச்சு. வேற முறையில் தயாரிச்சா சட்டப்படி செல்லும். 2005ல் சட்டம் மாறுவதற்குள் இந்திய கம்பெனிகள் இந்த மாத்திரையைச் சில ரூபாய்க்குக் கொண்டுவந்துட்டாங்க.

19/
அடுத்த படி தமிழ்நாடு அரசு. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியா மருந்து வாங்காம, மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்கு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. வர்ற மருந்துல மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைச்சு லேப்புக்கு அனுப்பி, பாஸ் ஆனாதான் வெளியே விடுவாங்க. இந்த ஏற்பாட்டைப் பிற மாநிலங்களும் பார்த்துக் கத்துக்கிட்டாங்க.

"கவர்மென்ட் மாத்திரைதானே"ன்னு இளக்காரமா வீட்டுல போட்டு வைக்கறவங்களுக்கு இதைச் சொல்றேன்.

2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. நெஞ்சுவலியோட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போனா, மாரடைப்பு மாதிரி தெரிஞ்சா உடனே 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. கொடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. கியோட்டோ அரிசிக் கடைப் பூஞ்சையில் ஆரம்பிச்ச கதை, நம்ம கிராமத்து நர்ஸ் கையில் வந்து நிக்குது.

20/
இது நமக்கு ஏன் முக்கியம்? 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சுமார் 53. மற்ற நாட்டவர்களுக்கு சுமார் 59. ஆறு வருஷம் முன்னாடியே வருது. அந்த வயசுல பொண்ணு கல்யாணம், பையன் காலேஜ் ஃபீஸ், லாரி டியூ எல்லாம் பாக்கி இருக்கும்.

21/
அப்புறம் முட்டை. நாமக்கல் பேரைச் சொல்லிட்டு முட்டையை விட முடியுமா?

1984 மார்ச்சில் அமெரிக்காவின் டைம் பத்திரிகை, ரெண்டு பொரிச்ச முட்டையைக் கண்ணாகவும் பன்றிக்கறியை கவிழ்ந்த வாயாகவும் வெச்சு அழுமூஞ்சி அட்டைப்படம் போட்டது. உலகமே மஞ்சக்கருவைத் தள்ளி வெச்சது. 2015ல் அமெரிக்க உணவு வழிகாட்டியே "ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால்தான்" என்ற வரம்பை எடுத்துடுச்சு. ரத்தத்துல இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம தயாரிக்கறதுதான். முட்டை போய்ச் சேர்றது அதுல ஒரு பங்கு. ஆரோக்கியமானவங்க தினம் ஒரு முட்டை தாராளமா சாப்பிடலாம். சத்துணவு முட்டையை குழந்தைக்கு வேணாம்னு சொல்லாதீங்க. திரும்பத் திரும்ப காய்ச்சின எண்ணெய், பேக்கரி பண்டம், பீடி சிகரெட், இதெல்லாம்தான் முதல்ல விட வேண்டியது.

22/
கடைசியா, கையில் எடுத்துட்டுப் போக:

மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், அடைப்பால் வந்த பக்கவாதம் இதில் ஏதாவது ஆனவங்க, ஸ்டாட்டினை நீங்களா நிறுத்தாதீங்க. ரிப்போர்ட் நார்மல் ஆனது மாத்திரையால்தான். நிறுத்தினா திரும்ப ஏறும்.

சர்க்கரை நோயாளிகள் 40 வயசு தாண்டியிருந்தா, உங்க டாக்டர்கிட்ட இதைப் பத்திக் கேளுங்க.

எந்த நோயும் இல்லாதவங்க எல்லாருக்கும் இது தேவையில்ல. வயசு, பிபி, புகை, குடும்ப வரலாறு எல்லாம் சேர்த்துப் பார்த்து முடிவு பண்ணணும். இதய நோயே இல்லாத 75 வயசுக்கு மேற்பட்டவங்களுக்குப் புதுசா ஆரம்பிக்க சான்று அவ்வளவு வலுவா இல்ல.

கர்ப்பம்னு தெரிஞ்சா, அல்லது குழந்தைக்குத் திட்டம் இருந்தா, உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனா, எழுந்து நிக்க முடியாத அளவு தசை பலவீனம் வந்தா, கண் மஞ்சளானா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. சாதாரண வலின்னா பேசுங்க. டோஸ் குறைக்கலாம், வேற ஸ்டாட்டின் மாத்தலாம், எஸட்டிமைப் மாதிரி வேற வகையும் இருக்கு.

வேற நோய்க்கு ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து எழுதும் டாக்டர்கிட்ட இந்த மாத்திரை சாப்பிடறதைச் சொல்லிடுங்க. சில மருந்துகள் சேர்ந்தா ஸ்டாட்டின் அளவு ரத்தத்துல ஏறும்.

சிம்வாஸ்டாட்டின் ராத்திரி சாப்பிடணும். அடோர்வாஸ்டாட்டின் எந்நேரமும் சாப்பிடலாம். மறக்காத நேரம்தான் நல்ல நேரம்.

23/
ட்ரைபரனால், க்ளோஃபிப்ரேட், செரிவாஸ்டாட்டின் மூணையும் கண்டுபிடிச்சு வெளியே தள்ளினது சந்தேகப்பட்டவங்கதான். அதனால சந்தேகப்படுங்க, தப்பே இல்ல. ஆனா சந்தேகத்தை ஓபிக்குக் கொண்டுவாங்க. மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுட்டு வராதீங்க.

வீட்டுல அப்பாவோ மாமனாரோ மாத்திரையை நிறுத்தி வெச்சிருந்தா, இந்த இழையை ஒருமுறை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. கோழி கதையைச் சொன்னா கேட்பாங்க.